மண்டப புக்கிங், சிற்றிதழ் சைட், பனியன் கம்பெனி ஆப்: மூணுக்கும் எந்த ஃப்ரேம்ஒர்க் எடுக்கலாம்?

ஈரோடு_கோடர்:

வணக்கம் நண்பர்களே. நானும் என் ஃப்ரெண்டும் சேந்து சின்னதா வெப் வேலை எடுத்து பண்ணீட்டு இருக்கோம். இதுவரைக்கும் கடைங்களுக்கு நாலு பக்க சைட்டு, வேர்ட்ப்ரஸ் தீம் மாத்தி குடுக்கிறதுன்னு ஓடுச்சுங்க. இப்ப ஒரே நேரத்துல மூணு வேலை வந்திருக்கு, மூணும் மூணு தினுசு, கைய வைக்கிறதுக்கு முன்னாடி அனுபவம் உள்ளவங்க கிட்ட கேட்டுக்கலாம்னு தான் எழுதறேன்.

ஒண்ணு கல்யாண மண்டபம். ஒரே ஓனருக்கு மூணு ஹால். புக்கிங் எல்லாம் இப்ப ஒரு டைரியில இருக்கு. ஃபோன்ல கேப்பாங்க, மேனேஜர் பாத்து சொல்லுவாரு, அட்வான்ஸ் வாங்கி எழுதிக்குவாரு. ஆவணி முகூர்த்தத்துல ஒரே ஹால ரெண்டு பார்ட்டிக்கு குடுத்து பெரிய சண்டை ஆயிருக்கு, அதனால ஓனர் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, டபுள் புக்கிங் ஆகவே கூடாது.

ரெண்டாவது ஒரு சிற்றிதழ். ரெண்டு மாசத்துக்கு ஒரு இதழ், பழைய இதழ் நிறைய இருக்கு, அது மொத்தத்தையும் ஆன்லைன்ல ஏத்தணும், தேடற வசதி வேணும். ஆசிரியருக்கு வயசாயிருச்சு, கட்டுரைய வேர்ட் ஃபைலா அனுப்புவாரு.

மூணாவது திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி. கட்டிங், ஓவர்லாக், ஃப்ளாட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு எந்த பண்டில் எங்க நிக்குது, யாரு எத்தன பீஸ் தச்சாங்கன்னு சூப்பர்வைசர் ஃபோன்லயே போடணும். உள்ள சிக்னல் சரியா எடுக்காது.

யூட்யூப்ல பாத்தா எல்லாத்துக்கும் நெக்ஸ்ட் ஜேஎஸ்ங்கற ஃப்ரேம்ஒர்க்கே (சைட்டு, ஆப் கட்ட ரெடியா கெடைக்கற கோட் அடித்தளம்) போதும்ங்கறாங்க. எனக்கு பிஎச்பி, ரியாக்ட் கொஞ்சம் வரும், ஃப்ரெண்டு பைத்தான் ஆளு. மூணுக்கும் ஒரே ஃப்ரேம்ஒர்க் எடுக்கறதா தனித்தனியா போறதா?

---

வைகை_பேக்கெண்ட்:

கேள்விய நல்லா பிரிச்சு எழுதியிருக்கீங்க ப்ரோ, பாதி பதில் அதுலயே இருக்கு. ஃப்ரேம்ஒர்க் பேர ஓரமா வச்சுட்டு மூணு வேலைக்கும் ஒரே கேள்விய கேளுங்க: இதுல எது தப்பா போனா கிளையன்ட்டுக்கு நெஜமான நஷ்டம்? மண்டபத்துல தேதி மோதறது, சிற்றிதழ்ல இத்தன வருஷ எழுத்து காணாம போறது, பனியன் கம்பெனியில ஒருத்தர் தச்ச பீஸ் கணக்குல வராம போறது. அந்த ஒண்ண எது ஒழுங்கா பாத்துக்குமோ அது தான் அந்த வேலைக்கு சரியான டூல், மத்தது எல்லாம் பழக்கம்.

மண்டபத்துக்கு என் ஓட்டு ஜாங்கோ (பைத்தான் ஃப்ரேம்ஒர்க்) ப்ளஸ் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்). ஜாங்கோ எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா ஏன்னு புரியும். 2003ல அமெரிக்காவுல கேன்சஸ் மாநிலத்துல லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டுங்கற நியூஸ் பேப்பர் ஆபீஸ்ல ஆரம்பிச்சாங்க, 2005ல வெளிய விட்டாங்க. நிருபருங்க அவசர அவசரமா தகவல உள்ள போடணும், அதுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா ஸ்க்ரீன் கட்டிட்டு இருக்க முடியாது, அதான் மாடல் (எந்தெந்த தகவல் வைக்கணும்ங்கற அமைப்பு) எழுதுன உடனே அட்மின் பக்கம் தானா வந்து நிக்குது. உங்க மண்டப மேனேஜரும் அதே மாதிரி ஆளு தான், ஃபோன காதுல வச்சுக்கிட்டே என்ட்ரி போடுவாரு. ஹால், பார்ட்டி பேரு, ஃபோன் நம்பர், அட்வான்ஸ், பாக்கி, இதுக்கு நீங்க ரியாக்ட்ல ஃபார்ம் கட்ட ஆரம்பிச்சா முகூர்த்த சீசனே முடிஞ்சிரும். ஆனா ஒண்ணு, அட்மின் உள்ள வேலை செய்றவங்களுக்கு மட்டும் தான், ஜாங்கோ டாக்குமென்ட்லயே அப்படித்தான் போட்டிருக்கு, பப்ளிக் வந்து காலி தேதி பாக்கற பக்கத்த தனியா ஒரு சாதா டெம்ப்ளேட்ல எழுதிருங்க.

இப்ப மெயின் மேட்டர், டபுள் புக்கிங். நிறைய பேரு பண்றது என்னன்னா, சேவ் பண்றதுக்கு முன்னாடி அந்த தேதி காலியா இருக்கான்னு கோட்ல ஒரு செக் போடுவாங்க. மேனேஜர் ஆபீஸ்லேருந்தும் ஓனர் பையன் வீட்லேருந்தும் ஒரே நேரத்துல போட்டா ரெண்டு பேருக்கும் காலின்னு தான் காட்டும், ரெண்டும் சேவ் ஆகும். அதுவும் மண்டபம் தேதி கணக்குல போறதில்ல பாருங்க, முந்தின நாள் மத்தியானம் வாங்கி மறுநாள் மத்தியானம் விடுவாங்க, நைட்டு ரிசப்ஷன் காலைல முகூர்த்தம், அதனால தேதிய யூனிக் ஆக்கிட்டாலும் பிரயோஜனம் இல்ல. போஸ்ட்கிரெஸ்ல எக்ஸ்க்லூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்னு ஒண்ணு இருக்கு. நேரத்த ரேஞ்சா வச்சுட்டு, ஒரே ஹாலுக்கு ரெண்டு ரேஞ்ச் மேல மேல விழக்கூடாதுன்னு டேட்டாபேஸ் கிட்டயே சொல்லிரலாம். எந்த ஸ்க்ரீன்லேருந்து வந்தாலும் எவ்ளோ வேகமா வந்தாலும் ரெண்டாவது ரோவ உள்ள விடாது. ஜாங்கோவுல 3.0லேருந்தே இது மாடல்லயே எழுதலாம், போஸ்ட்கிரெஸ்ஸோட பிட்ரீ ஜிஸ்ட் (btree_gist) எக்ஸ்டென்ஷன மட்டும் ஆன் பண்ணிக்கணும். கேன்சல் ஆன புக்கிங்க கணக்குல எடுக்காதன்னு கண்டிஷனும் குடுக்கலாம். ரேஞ்சோட முடிவு நேரம் சேராத மாதிரி வைங்க, இல்லன்னா 3 மணிக்கு விடறவனும் 3 மணிக்கு வாங்கறவனும் மோதிருவாங்க.

பிஎச்பி ஃப்ரேம்ஒர்க்கான லாராவெல்லயும் இதையே பண்ணலாம், மைக்ரேஷன்ல (டேபிள் அமைப்ப மாத்தற கோட்) நேரடியா எஸ்கியூஎல் எழுதணும் அவ்ளோதான். அட்மின் பக்கத்துக்கு ஃபிலமென்ட் இருக்கு, இலவசம், அருமையா இருக்கும். ஆனா மைஎஸ்கியூஎல்ல இந்த கன்ஸ்ட்ரெயின்ட் கிடையாது, லாராவெல் எடுத்தாலும் போஸ்ட்கிரெஸ் எடுங்க.

---

கோவை_ஃப்ரன்ட்எண்ட்:

மண்டபத்துக்கு வைகை சொன்னதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல. பனியன் கம்பெனி ஆப் பத்தி நான் சொல்றேன், அங்க தான் ஜாவாஸ்க்ரிப்ட் ஃப்ரேம்ஒர்க் நெஜமாவே தேவைப்படுது.

சிக்னல் இல்லாம வேலை செய்யணும்னா ஸ்க்ரீன், லாஜிக், டேட்டா மூணும் ஃபோன்லயே இருக்கணும். சர்வர்ல எச்டிஎம்எல் தயாரிச்சு அனுப்பற ஜாங்கோ டெம்ப்ளேட்டோ எச்டிஎம்எக்ஸோ அங்க நெட் போன நிமிஷம் நின்னுரும். அதே காரணத்துக்காக தான் நெக்ஸ்ட்டும் வேணாம்ங்கறேன், அதோட பலமே சர்வர் பக்கம் ரெண்டர் பண்றது, லாகின் போட்டு உள்ள போற ஃபேக்டரி ஆப்ப கூகிள் தேடி வரப்போறதில்ல. வைட்ங்கற பில்டு டூல் வச்சு ரியாக்ட் இல்ல வ்யூ (ரெண்டும் பிரவுசர்லயே ஸ்க்ரீன் கட்டற ஜாவாஸ்க்ரிப்ட் டூல்), சாதா சிங்கிள் பேஜ் ஆப். கிரியேட் ரியாக்ட் ஆப் வச்சு சொல்லிக் குடுக்கற பழைய வீடியோவ எல்லாம் விட்ருங்க, அத 2025 பிப்ரவரிலயே அதிகாரப்பூர்வமா ஓரங்கட்டிட்டாங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. 2025 டிசம்பர்ல ரியாக்ட் சர்வர் காம்பொனன்ட்ல ஒரு ஓட்டை வந்துச்சு, லாகின் கூட தேவையில்ல, வெளியேருந்து ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி சர்வர்ல கோட் ஓட்டலாம், தீவிரம் 10க்கு 10. நெக்ஸ்ட் 15, 16 ஓட்டிட்டு இருந்தவங்க எல்லாம் உடனே அப்டேட் போட வேண்டியதாச்சு. பிரவுசர்ல மட்டும் ரியாக்ட் ஓடற சைட்டுக்கு அதுல பாதிப்பு இல்ல. நெக்ஸ்ட் மோசம்னு நான் சொல்லல, நிறைய ப்ராடக்ட் இருக்கற ஷாப்பிங் சைட்டு, ஆளு வச்சு பராமரிக்கிற டீம்னா தாராளமா எடுக்கலாம். ரெண்டு பேரு சேந்து செஞ்சு குடுத்துட்டு அடுத்த வேலைக்கு போற எடத்துல, சர்வர்ல எவ்ளோ கம்மியா ஓடுதோ அவ்ளோ நல்லது.

ஆஃப்லைன் விஷயத்துல ஃப்ரேம்ஒர்க்க விட டிசைன் தான் முக்கியம், இத நல்லா உக்காந்து யோசிங்க. சூப்பர்வைசர் போடற ஒவ்வொரு என்ட்ரியும் முதல்ல ஃபோன்ல இன்டெக்ஸ்டு டிபியில (பிரவுசருக்குள்ளயே இருக்கற சேமிப்பு) விழணும், அப்புறம் தான் சர்வர். டெக்ஸின்னு ஒரு சின்ன லைப்ரரி இருக்கு, இன்டெக்ஸ்டு டிபிய நேரா எழுதறத விட நிம்மதியா இருக்கும். ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஃபோன்லயே ஒரு யூயூஐடி (வேற எதுக்கும் வராத அடையாள எண்) போட்டுருங்க, ஏன்னா சிக்னல் பாதியில போனா சர்வருக்கு போய் சேந்துச்சா இல்லயான்னு ஆப்புக்கு தெரியாது, மறுபடி அனுப்பும், அப்ப சர்வர் யூயூஐடிய பாத்து இது ஏற்கனவே வந்ததுன்னு விட்ரணும். இல்லன்னா 240 பீஸ் 480 ஆயிரும்.

மொத்த எண்ணிக்கைய ஃபோன்லேருந்து மாத்த விடாதீங்க. இத்தன பீஸ் வந்துச்சு, இத்தன போச்சுன்னு வரவு செலவு மாதிரி ஒவ்வொண்ணா தனி என்ட்ரியா சேத்துட்டே போங்க, கூட்டறத சர்வர் பாத்துக்கட்டும். ரெண்டு சூப்பர்வைசர் ஒரே பண்டில்ல கை வச்சாலும் ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் அழிக்க முடியாது. தப்பா போட்டாலும் அழிக்காம எதிர் என்ட்ரி போடணும். ஃபோன் நேரத்த நம்பாதீங்க, ஃபோன்ல போட்ட நேரம், சர்வருக்கு வந்த நேரம் ரெண்டையும் வைங்க.

நெட் இருக்கான்னு பிரவுசர் சொல்றதையும் நம்ப முடியாது, வைஃபை கனெக்ட் ஆயிருந்தா இன்டர்நெட் இல்லன்னா கூட இருக்குன்னு தான் சொல்லும். நெட் வந்ததும் தானா அனுப்பற பேக்ரவுண்ட் சிங்க் குரோம்ல வேலை செய்யும், சஃபாரியிலயும் ஃபயர்ஃபாக்ஸ்லயும் இல்ல. அதனால ஆப்ப திறக்கும் போதெல்லாம் பாக்கி என்ட்ரிய அனுப்பிப் பாருங்க, இன்னும் எத்தன அனுப்பாம இருக்குன்னு ஸ்க்ரீன் மேலயே பெரிய எழுத்துல காட்டுங்க. அங்க பீஸ் ரேட்டு, சனிக்கிழமை சம்பளம். ஒரு என்ட்ரி ஃபோன்ல மாட்டிக்கிச்சுன்னா ஒரு அக்காவோட அந்த வார கூலி குறையும், வாயத் தொறந்து கேக்கக் கூட தயங்குவாங்க. இத நெனச்சுக்கிட்டே கோட் எழுதுங்க ப்ரோ.

---

ஈரோடு_கோடர்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. எதிர் என்ட்ரி ஐடியா எங்களுக்கு தோணவே இல்ல, அத அப்படியே எடுத்துக்கறோம். ஒரு சிக்கல், மண்டப ஓனர் கிட்ட ஏற்கனவே ஒரு ஷேர்டு ஹோஸ்டிங் இருக்கு, சிபேனல், பிஎச்பி, மைஎஸ்கியூஎல். மூணு வருஷத்துக்கு காசு கட்டிட்டாரு. அதுலயே பண்ணிக்குடுங்கன்னு சொல்றாரு.

---

வைகை_பேக்கெண்ட்:

இது தான் நெறைய எடத்துல ஃப்ரேம்ஒர்க்க முடிவு பண்றது, ஓனர் ஏற்கனவே கட்டுன காசு. அதுலயே பண்ணணும்னா லாராவெல் தான். க்யூ ஒர்க்கர் (பின்னணியில வரிசையா வேலை முடிக்கிற ப்ரோக்ராம்) எப்பவும் ஓடிட்டே இருக்கறதுக்கு ஷேர்டுல விட மாட்டாங்க, க்ரான்ல (நேரம் வச்சு ஓட்டற வசதி) நிமிஷத்துக்கு ஒருக்கா ஓட்டி, வேலை முடிஞ்சதும் நிக்கற மாதிரி க்யூவ வச்சுக்கலாம், எஸ்எம்எஸ் அனுப்பறதுக்கு அது போதும். டபுள் புக்கிங்குக்கு அந்த கன்ஸ்ட்ரெயின்ட் கெடைக்காதுங்கறதால நாள துண்டா பிரிங்க. மத்தியானத்துலேருந்து மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒரு துண்டு, ஹால் ஐடி, துண்டு தேதி ரெண்டையும் சேத்து ஒரு யூனிக் இன்டெக்ஸ். ரெண்டு நாள் விசேஷம்னா ரெண்டு ரோ, ஒரே ட்ரான்சாக்ஷன்ல. கேன்சல் ஆனா அந்த துண்டு ரோவ எடுத்துருங்க, புக்கிங் ரெக்கார்டு தனி டேபிள்ல இருக்கட்டும், அட்வான்ஸ் கணக்குக்கு அது வேணும். அரை நாளுக்கு குடுக்கற பழக்கம் இருக்கான்னு ஓனர் கிட்ட முதல்லயே கேட்டுக்குங்க, வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் காலைல மட்டும் எடுப்பாங்க. அப்படி இருந்தா துண்ட அரை நாளாக்குங்க.

ஆனா நான் உங்க எடத்துல இருந்தா ஒரு சின்ன விபிஎஸ் (நமக்குன்னு தனியா வாடகைக்கு எடுக்கற சர்வர்) எடுத்துக்கலாம்னு ஓனர் கிட்ட பேசிப் பாப்பேன். டபுள் புக்கிங்ல ஒரு தடவை திருப்பிக் குடுத்த அட்வான்ஸ் எவ்ளோன்னு அவரே சொல்லிருவாரு, அதோட ஒப்பிட்டா வாடகை ஒண்ணுமே இல்ல.

---

சித்ரா_லேஅவுட்:

சிற்றிதழ் வேலைய பத்தி யாரும் பேசல, நான் பழைய இதழ்கள டிஜிட்டல் பண்ற வேலை பாத்திருக்கேன், அதனால எழுதறேன். தம்பி, இதுல ஃப்ரேம்ஒர்க் ரெண்டாவது விஷயம். முதல்ல ஆசிரியர் கிட்ட இருக்கற பழைய ஃபைல வாங்கி திறந்து பாருங்க. பேஜ்மேக்கர்ல லேஅவுட் பண்ணி, பாமினி இல்லன்னா வேற ஏதாவது பழைய ஃபான்ட்ல அடிச்சது தான் பெரும்பாலும் இருக்கும். காப்பி பண்ணி ஒட்டுனா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டும். அத யூனிகோடுக்கு மாத்தி, யாராவது வரி வரியா படிச்சு திருத்தணும். உங்க கொட்டேஷன்ல இந்த வேலைக்கு தனியா காசு போடுங்க, மொத்த ப்ராஜெக்ட்ல பெரிய உழைப்பே அது தான்.

அடுத்தது யூஆர்எல். ஒவ்வொரு ஃப்ரேம்ஒர்க்கும் இங்கிலீஷ மனசுல வச்சு எழுதுனது, தமிழ்ல தலைப்பு குடுத்தா என்ன ஆகுதுன்னு நீங்களே ஓட்டிப் பாக்கணும். தலைப்ப யூஆர்எல் துண்டா (ஸ்லக்) மாத்தற ஜாங்கோவோட ஸ்லக்கிஃபைய அப்படியே விட்டா தமிழ மொத்தமா தூக்கிரும். யூனிகோட அனுமதின்னு ஆப்ஷன் குடுத்தாலும், பைத்தான் ரெஜெக்ஸ் (எழுத்து தேடற விதி) கொம்பு, கால், புள்ளி இதையெல்லாம் எழுத்தா எடுத்துக்காது, 'தமிழ்'ங்கறது 'தமழ'ன்னு போய் நிக்கும். பாக்கவே மனசு பதறுது எனக்கு. வேர்ட்ப்ரஸ்ல இன்னொரு கஷ்டம், ஸ்லக்குக்கு 200 எழுத்து தான் எடம், தமிழ்ல ஒவ்வொரு கோட் பாயின்ட்டும் (யூனிகோடுல எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொண்ணுக்கும் தனி எண்) சதவீதக் குறி போட்டு மாத்தும் போது 9 எழுத்து ஆகுது, அப்ப மொத்தமே 22 தான் தேறும். 'சிற்றிதழ்'ங்கற ஒரு சொல்லுக்கே 9 கோட் பாயின்ட். தலைப்பு ரெண்டு மூணு சொல்லோட வெட்டுப்படும். என் யோசனை, யூஆர்எல்ல இதழ் எண்ணும் கட்டுரை எண்ணும் மட்டும் வைங்க. யாரும் மேற்கோள் காட்டும் போது சின்னதா இருக்கும், என்னைக்கும் மாத்த வேண்டி வராது.

எதுல கட்டறதுன்னா, ஆஸ்ட்ரோங்கற ஃப்ரேம்ஒர்க்க சொல்லுவேன். கட்டுரை எல்லாம் மார்க்டவுன் (சின்னச் சின்ன குறி போட்ட சாதா டெக்ஸ்ட்) ஃபைலா இருக்கும், வெளிய வர்றது வெறும் எச்டிஎம்எல், நீங்களா கேட்டாலொழிய ஜாவாஸ்க்ரிப்ட்டே பக்கத்துக்கு போகாது. கிராமத்துல பழைய ஃபோன்ல படிக்கறவங்களுக்கும் சட்டுனு திறக்கும். தேடலுக்கு பேஜ்ஃபைண்ட், சைட்ட பில்டு பண்ணும் போதே இன்டெக்ஸ் போட்டுரும், தேடும் போது தேவையான துண்டு மட்டும் இறங்கும், சர்வர் வேணாம்.

---

வைகை_பேக்கெண்ட்:

சித்ரா அக்கா சொன்ன ஸ்லக் விஷயம் நூத்துக்கு நூறு. ஆனா ஆஸ்ட்ரோவுல எனக்கு ஒரு சந்தேகம் இருக்குங்க அக்கா. ரெண்டு பசங்களும் வேலைய முடிச்சுட்டு போனப்புறம் அடுத்த இதழ யாரு ஏத்துவாங்க? ஆசிரியரால கிட் (Git, ஃபைல் மாத்தங்கள பதிவு பண்ற டூல்) திறந்து மார்க்டவுன் எழுத முடியாது. வேக்டெயில்னு கட்டுரை ஏத்தற சிஸ்டம் எடுத்தா ஜாங்கோ மேலயே ஓடும், எடிட்டர் திரை வேர்ட் மாதிரி சுலபமா இருக்கும். தேடலும் போஸ்ட்கிரெஸ்ல ஒழுங்கா கெடைக்கும், 12வது வெர்ஷன்லேருந்து தமிழுக்கு ஸ்டெம்மர் உள்ளேயே இருக்கு, 'மரங்கள்', 'மரத்தில்' மாதிரி விகுதி ஒட்டுன சொல்லையும் வேரோட சேத்துப் பாக்க முயற்சி பண்ணும். சொல் அப்படியே பொருந்துனா தான் கெடைக்கும்னா தமிழ்ல பாதிக்கு மேல தப்பிப் போயிரும்.

---

சித்ரா_லேஅவுட்:

நியாயமான கேள்வி. ஆனா வருஷத்துக்கு ஆறு இதழ் தான், அத ஏத்தறதுக்கு ஒரு ஆள பழக்கி விடலாம், வாசகர்லயே இளசுங்க யாராவது ஆர்வமா வருவாங்க. நான் பயப்படறது இதழ் நின்னதுக்கு அப்புறம் என்ன ஆகும்ங்கறதுக்கு. சிற்றிதழ் எல்லாமே ஒரு நாள் நிக்கும், ஆசிரியரோட உடம்பு ஒத்துழைக்கிற வரைக்கும் தான். அப்ப வேக்டெயிலுக்கும் வேர்ட்ப்ரஸ்க்கும் அப்டேட் போட ஆளு இருக்காது, ஒரு வருஷத்துல எவனாவது உள்ள பூந்து சூதாட்ட லிங்க் போட்டுருவான், இல்ல சர்வர் காசு கட்டாம அணைஞ்சுரும். வெறும் எச்டிஎம்எல் ஃபைல்னா மொத்தத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டு பத்து பேருக்கு குடுக்கலாம், எவர் சர்வர்ல வேணா வைக்கலாம். தமிழ் நூல்கள இணையத்துல இலவசமா ஏத்தற ப்ராஜெக்ட் மதுரைய பாருங்க, 1998ல ஆரம்பிச்சது, முதல்ல டிஸ்கிங்கற பழைய தமிழ் எழுத்து குறியீட்டுல போட்டாங்க, அப்புறம் யூனிகோடுக்கு மாத்துனாங்க. வெறும் டெக்ஸ்ட்டும் எச்டிஎம்எல்லுமா இருந்ததால தான் அந்த மாற்றமே முடிஞ்சுது, இன்னைக்கும் எந்த ஃபோன்லயும் திறக்குது.

வேணும்னா நடுவுல ஒரு வழி இருக்கு. எழுதறதுக்கு வேக்டெயில் வச்சுக்குங்க, ஆனா ஒவ்வொரு இதழ் முடிஞ்சதும் முழு சைட்டையும் எச்டிஎம்எல்லா எடுத்து வெளிய வைங்க. வேலை கூடும், ஆனா ரெண்டு கவலையும் தீரும்.

---

ஈரோடு_கோடர்:

சித்ரா அக்கா, ஆசிரியர் கிட்ட இன்னைக்கு பேசினேன், நீங்க சொன்னது சரி தான், பழைய ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கர்ல தான் இருக்காம், கொஞ்சம் இதழுக்கு அச்சு பிரதி மட்டும் தான் இருக்காம். கொட்டேஷன மாத்தறோம். அவருக்கும் ஃபைலா கையில இருக்கணும்ங்கறது ரொம்ப பிடிச்சுப் போச்சு, அதனால ஆஸ்ட்ரோன்னு முடிவு பண்ணிட்டோம். மண்டப ஓனர் விபிஎஸ்ஸுக்கு ஒத்துக்கிட்டாரு, அங்க ஜாங்கோ.

கடைசியா ஒண்ணு, பனியன் கம்பெனிக்கு முன்பக்கம் வ்யூ எடுக்கலாம்னு இருக்கோம், பின்னாடி ஏபிஐக்கு (ஆப்பும் சர்வரும் டேட்டா பரிமாறிக்கிற வழி) பைத்தானோட ஃபாஸ்ட்ஏபிஐ ஃப்ரேம்ஒர்க் எடுக்கறதா? ஃப்ரெண்டு அது தான் வேகம்ங்கறான். ஜாங்கோ எடுத்தா எந்த வெர்ஷன்?

---

கோவை_ஃப்ரன்ட்எண்ட்:

வ்யூ ஓகே ப்ரோ. பழைய டுடோரியல் பாத்தா வ்யூ 3 தானான்னு பாத்துக்குங்க, 2வது வெர்ஷனுக்கு 2023 டிசம்பரோட சப்போர்ட் முடிஞ்சுது. நம்பர் போடற பெட்டியில நம்பர் கீபோர்டு மட்டும் வர்ற மாதிரி வைங்க, பட்டன் எல்லாம் தமிழ்ல, கட்டை விரலுக்கு சிக்கற சைஸ்ல.

---

வைகை_பேக்கெண்ட்:

ஃபாஸ்ட்ஏபிஐ நல்ல சரக்கு தான், ஆனா யூசர், பர்மிஷன், மைக்ரேஷன், அட்மின் எல்லாம் நீங்களே பொறுக்கி சேக்கணும். உங்க ஃபேக்டரியில ஒரு ஷிஃப்ட்டுக்கு வர்ற என்ட்ரிக்கு வேகம் ஒரு பிரச்சனையே இல்ல. மண்டபத்துக்கு ஜாங்கோ கத்துக்கறீங்க, அதையே இங்கயும் எடுங்க, ஏபிஐக்கு ஜாங்கோ நிஞ்ஜா போட்டா எழுதற விதம் உங்க ஃப்ரெண்டுக்கு பிடிச்ச ஃபாஸ்ட்ஏபிஐ மாதிரியே தான் இருக்கும். ஆபீஸ்ல இருக்கற அக்கவுன்டன்ட்டுக்கு அட்மின் பக்கம் ஓசியில கெடைக்கும், சனிக்கிழமை கணக்க அதுலேருந்தே எக்செல்லா எடுத்துக்குவாரு. வெர்ஷன் 5.2 எடுங்க, அது எல்டிஎஸ் (நீண்ட கால சப்போர்ட் உள்ளது), 2028 ஏப்ரல் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். 6.0 வந்திருச்சு, ஆனா அது எல்டிஎஸ் இல்ல. கிளையன்ட் கிட்ட பராமரிப்பு ஒப்பந்தம் போடும் போது அந்த 2028 தேதியையும் எழுத்துல போட்டுருங்க, அப்கிரேடுக்கு தனி காசுன்னு.